ஒன்றோடொன்று சிக்காத லூர் பெட்டி: பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டெக்சஸில் டாலஸிலிருந்து லேக் ஃபோர்க் ஏரிக்கு ஒன்றரை மணி நேரக் கார் பயணம். புதிதாகத் தூண்டில் பிடித்த தம்பி ஒருவர் போன வசந்தத்தில் என்னோடு வந்தார். இன்னும் இருட்டு பிரியவில்லை. லூர், அதாவது செயற்கை இரை வைக்கும் பெட்டியைத் திறந்து, சின்ன மீன் மாதிரி நீளமான ஒரு ஜெர்க்பெய்ட் லூரை எடுத்தார். கூடவே இன்னும் ஏழு லூர்கள் திராட்சைக் குலை மாதிரி தொங்கிக்கொண்டு வந்தன. "அண்ணா, நேத்து ராத்திரிதான் கலர் வாரியா அடுக்கி வச்சேன்" என்றார் பாவமாக. பாஸ் என்ற நன்னீர் மீன் மேயும் அந்த முதல் முக்கால் மணி நேரம் கொத்தைப் பிரிப்பதிலேயே போனது.

அவர் சோம்பேறி இல்லை, அடுக்கத்தான் செய்திருக்கிறார். ஆனால் நிறத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறார். முள்ளுக்கு நிறம் தெரியாது. எந்த லூர் எதோடு மாட்டும் என்பதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். நிறம், கம்பெனி எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்குகிறார்கள். இங்கே பெட்டி ஐந்தாவது படியில்தான் வருகிறது.

ஒரு சொல் விளக்கம்: மூன்று முனையுள்ள டிரெபிள் ஹூக்கை இங்கே மும்முள் என்று எழுதுகிறேன்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

மூக்கு நீண்ட பிளேயர், ஸ்பிளிட் ரிங் (முள்ளை லூரோடு இணைக்கும், சாவி வளையம் மாதிரியான சிறு வளையம்) பிளேயர், முள்ளையே நறுக்கக்கூடிய நல்ல கட்டிங் பிளேயர், கண்ணாடி, பெரிய அலுமினியத் தட்டு, ஜிப்லாக் பைகள், மாஸ்கிங் டேப், மார்க்கர், ஒரு முள் கூராக்கும் அரம். குழந்தைகளும் நாயும் இல்லாத அறையாகப் பார்த்து உட்காருங்கள்.

கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல. சிக்கிய முள் விடுபடும்போது அடக்கி வைத்த வில் மாதிரி தெறிக்கும், தெறிக்கும் திசையில் பெரும்பாலும் உங்கள் முகம் இருக்கும். பார்வைக்குக் கண்ணாடி போடாதவர்கள் வெயில் கண்ணாடியாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிங் பிளேயர் விரலுக்காக. முள் விரலில் இறங்கிவிட்டால் மற்ற இரண்டு முனைகளையும் லூரையும் முதலில் நறுக்கி விலக்க வேண்டும். எட்டு லூர் தொங்கும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் காரோட்ட முடியாது. கண்ணுக்குப் பக்கத்திலோ மூட்டிலோ இறங்கினால் நீங்களாகப் பிடுங்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

துணிக் கையுறை வேண்டாம். முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நிற்கும் சிறு முள் துணியில் மாட்டினால் கையுறையும் லூரும் சேர்ந்து ஒரு புதுச் சிக்கல். அதே காரணத்துக்காக மேசையில் துண்டும் விரிக்காதீர்கள். புதியவர்கள் எல்லோரும் துண்டுதான் விரிக்கிறார்கள். தட்டு வழுவழுப்பாக இருப்பதால் லூர் நகரும், மாட்டாது.

2. கொத்தைப் பிரித்தல்

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். விழும்போது, சும்மா இருந்த லூர்களும் போய்க் கோத்துக்கொள்ளும். தனியாகக் கிடப்பவற்றை முதலில் ஒவ்வொன்றாக எடுங்கள். கொத்து கடைசியாக வரட்டும்.

கொத்தில் ஒரே ஒரு லூரின் முன் உதட்டையோ தலையையோ பிடித்துத் தட்டுக்கு மேல் இரண்டு அங்குல உயரத்தில் மெல்ல உதறுங்கள். சும்மா தொற்றிக்கொண்டிருப்பவை விழுந்துவிடும். பாதிக்கு மேல் இதிலேயே தீரும்.

மிச்சம் இருப்பவை உண்மையாகவே கோத்துக்கொண்டவை. இங்கேதான் எல்லோரும் இழுக்கிறார்கள். இழுக்கக் கூடாது. இரண்டு முள்ளும் வளைவில் மாட்டியிருக்கும். இழுக்க இழுக்க இரண்டும் வளைவின் அடிக்குப் போய் இறுகும். எதிர்மாறாக, இரண்டு லூரையும் ஒன்றை நோக்கி ஒன்றைத் தள்ளுங்கள். வளைவு தளர்ந்து நுனி வெளியே தெரியும், பிளேயரால் நுனியைப் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடும்.

இரண்டு நிமிடம் பார்த்தும் வராவிட்டால் பிடிவாதம் வேண்டாம். ஸ்பிளிட் ரிங் பிளேயரின் பல்லை வளையத்தின் இடைவெளியில் கொடுத்து ஒரு மும்முள்ளைக் கழற்றிவிடுங்கள். கழற்றி மாட்ட முப்பது வினாடி. வளையத்தை நகத்தால் பிரிக்கப் போனால் நகம்தான் பிரியும்.

3. முள்ளைப் பார்த்துப் பிரியுங்கள்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். நாலரை அங்குல ஜெர்க்பெய்ட்டில் பெரும்பாலும் மூன்று மும்முள் இருக்கும், அதாவது ஒன்பது கூர். அப்படிப் பத்து லூர் ஒரே அறையில் கிடந்தால் தொண்ணூறு கூர். எல்லாம் வளையத்தில் ஆடிக்கொண்டு எல்லாத் திசையிலும் திரும்பக்கூடியவை. ஒன்றரை மணி நேரம் கார் டிக்கியில் குலுங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கனத்த தலையுள்ள ஜிக் லூரில் இருப்பது ஒரே முள், அதுவும் உடலோடு அசையாமல் நிற்பது. பத்து ஜிக் ஒன்றாகக் கிடந்தாலும் முள்ளால் வரும் தொல்லை குறைவு, குஞ்சம்தான் பின்னிக்கொள்ளும்.

ஆகவே தட்டில் ஐந்து குவியல் போடுங்கள்.

முதல் குவியல், மும்முள் உள்ள கட்டி லூர்கள்: ஜெர்க்பெய்ட், கிராங்க்பெய்ட், லிப்லெஸ் கிராங்க்பெய்ட், நீர்ப்பரப்பில் ஓடும் பாப்பர் வகையறா. இரண்டாவது, கம்பியும் தகடும் குஞ்சமும் உள்ளவை: ஸ்பின்னர்பெய்ட், பஸ்பெய்ட், சாட்டர்பெய்ட். மூன்றாவது, ஒற்றை முள்ளோ முதுகை ஒட்டிய இரட்டை முள்ளோ உள்ளவை: ஜிக், உள்ளே கூடான ரப்பர் ஃபிராக். நம் ஊரில் விராலுக்குப் போடும் அதே தவளை லூர்தான் அது. நான்காவது, நரம்போ (தூண்டில் நூல்) கம்பியோ நீட்டிக்கொண்டிருப்பவை: குடைக்கம்பி மாதிரி கைகள் விரியும் அம்ப்ரெல்லா ரிக், முள் கட்டி வைத்த நரம்புத் துண்டுகளான லீடர்கள். ஐந்தாவது, முள்ளே இல்லாத ரப்பர் புழுக்கள்.

ஒரு குவியலில் இருப்பது இன்னொன்றின் பெட்டிக்குள் போகவே கூடாது. "ஒண்ணே ஒண்ணுதானே, ஓரமா இருக்கட்டும்" என்று ஜெர்க்பெய்ட்டோடு வைத்த ஒரு ஸ்பின்னர்பெய்ட் போதும். அதன் குஞ்சத்தில் நாற்பது ஐம்பது இழை இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கூரைத் தேடிப் போகும்.

4. மாட்டும் முன் முள்ளைச் சோதியுங்கள்

ஒவ்வொரு முள்ளின் நுனியையும் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். நகத்தைப் பிடித்தால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மழுங்கிவிட்டது. அரத்தால் நாலு இழுப்பு, அல்லது புது முள்.

லேக் ஃபோர்க் மாதிரி தண்ணீருக்குள் பட்ட மரங்கள் நிற்கும் ஏரியில் முள் அடிக்கடி கட்டையில் மாட்டி விரியும். விரிந்த முள்ளைப் பிளேயரால் பழையபடி வளைத்து ஒருமுறை ஓட்டலாம், இரண்டாம் முறை ஒடியும்.

துரு பிடித்ததை இன்றே தூக்கிப் போடுங்கள். ஒரு துருப்பிடித்த மும்முள் ஈரப் பெட்டியில் இரண்டு வாரம் கிடந்தால் பக்கத்து லூரின் வயிற்றில் பழுப்புக் கறை இறக்கிவிடும். புது முள் வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள்: 6 என்பது 4-ஐ விடச் சிறியது, எண் கூடக் கூட முள் சின்னதாகும். 1-க்குப் பிறகு 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும். ஜெர்க்பெய்ட்டில் அளவு மாற்றினால் எடை மாறும், தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டியது மூழ்கத் தொடங்கும். பழைய அளவையே போடுங்கள்.

5. இப்போது பெட்டி வாங்கலாம்

குவியல்களின் அளவு தெரிந்துவிட்டது. அமெரிக்கக் கடைகளில் 3600, 3700 என்று இரண்டு அளவு எங்கும் கிடைக்கும். பிளேனோ கம்பெனி எண்கள் என்றாலும் மற்றவர்களும் அதே பெயரில்தான் விற்கிறார்கள். 3600 சுமார் 11 அங்குல நீளம், 7 அங்குல அகலம். 3700 சுமார் 14 அங்குல நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குல ஆழம். கரையில் நடந்து பிடிப்பவர்களுக்கு 3600 போதும். படகு வைத்திருப்பவர்களுக்கு 3700.

எந்த அளவானாலும் கடையிலேயே ஒன்றைப் பாருங்கள்: மூடியை மூடினால் தடுப்புகள் மூடியைத் தொடுகின்றனவா? தடுப்புக்கும் மூடிக்கும் நடுவில் கால் அங்குலம் இடைவெளி இருந்தாலும், பெட்டி பையில் செங்குத்தாக நிற்கும்போது மும்முள் அந்த வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும். அறை பிரித்தும் சிக்குகிறதே என்று புலம்புபவர்களின் பெட்டியில் நான் கண்டது பெரும்பாலும் இந்தச் சந்துதான்.

பஞ்சு மெத்தையில் கீறல் போட்டு லூரைச் செருகி வைக்கும் பெட்டி பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கும். பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த லூரை மட்டும் வைப்பவர் என்றால் வாங்குங்கள், நான் வாங்கமாட்டேன். துருத் தடுப்புச் சேர்த்த தடுப்புகளுடன் வரும் பெட்டிகள் பலன் தருகின்றன. ஆனால் ஈரத்தோடு மூடினால் அதையும் துரு மிஞ்சிவிடும்.

6. மும்முள் லூர்களை அடுக்குதல்

ஒரு அறைக்கு ஒரு லூர். இதில் பேரம் கிடையாது. இடம் போதவில்லை என்றால் பெட்டி கூட்டுங்கள், அல்லது லூரைக் குறையுங்கள்.

அறையின் அகலம் லூர் படுக்கும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். விசாலமாக விட்டால் நல்லது என்று தோன்றும், அதுதான் தப்பு. உள்ளே புரள இடம் இருந்தால் மும்முள் தடுப்பில் மோதி மோதித் தன் லூரின் வயிற்றையே கீறும். வண்ணத்தில் அரைவட்டமாகத் தெரியும் அந்தக் கீறல்களைப் பழைய லூர்களில் பார்த்திருப்பீர்கள். பால்சா மரத்தில் செய்த லூரில் கீறல் பூச்சைத் தாண்டிப் போனால் தண்ணீர் மரத்துக்குள் இறங்கும், பிறகு அது நேராக ஓடாது.

நீளமான ஜெர்க்பெய்ட்டுக்குக் குறுக்குத் தடுப்பை எல்லாம் எடுத்துவிட்டு நீளவாட்டில் தடம் விடுங்கள். ஒரு லூரின் தலை இடப்பக்கம் என்றால் அடுத்ததன் தலை வலப்பக்கம். தலையும் வாலும் ஒரே தடிமன் இல்லாததால் இப்படி மாற்றி வைத்தால் தடங்கள் நெருக்கமாக அமையும்.

வேறு வழியே இல்லாமல் ஒரு அறையில் இரண்டு வைப்பதாக இருந்தால், மும்முள்ளின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பிகள் கிடைக்கின்றன, முள்ளின் எண்ணுக்கு ஏற்ற அளவு பார்த்து வாங்குங்கள். பெரிய தொப்பி சின்ன முள்ளில் நிற்காது. ரப்பர் பேண்டால் முள்ளை வயிற்றோடு கட்டுவது இரண்டு நாளுக்குச் சரி. டெக்சஸ் வெயிலில் ஒரு மாதம் விட்டால் ரப்பர் இளகி வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுக்கி முடித்ததும் ஒரு பரீட்சை. மூடியைப் பூட்டி, பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பத்துத் தடவை நன்றாக உலுக்குங்கள். திறந்து பாருங்கள். ஏதாவது இடம் மாறியிருந்தால் அந்த அறையின் தடுப்பை மாற்றுங்கள், மறுபடி உலுக்குங்கள். வீட்டில் உலுக்கித் தேறியது டிக்கியிலும் தேறும்.

7. ஸ்பின்னர்பெய்ட், பஸ்பெய்ட், சாட்டர்பெய்ட்

இவற்றைப் படுக்க வைக்காதீர்கள், தொங்க விடுங்கள். இதற்கென்றே உள்ளே பள்ளம் வெட்டிய பெட்டிகள் கிடைக்கின்றன. கம்பியின் வளைவு பள்ளத்தில் உட்காரும், தகடும் குஞ்சமும் கீழே தொங்கும். படுத்துக் கிடந்தால் குஞ்சம் ஒரு பக்கமாக மடிந்து அப்படியே நின்றுவிடும், தண்ணீரில் பூவாக விரியாது.

அப்படிப் பெட்டி இல்லையா? ஒன்றுக்கு ஒரு சின்ன ஜிப்லாக் பை போட்டு, பைகளைக் கோப்பு மாதிரி நிமிர்த்தி வையுங்கள். எனக்கு இதுதான் பிடித்தமானது. செலவு கம்மி, எந்தப் பெட்டியிலும் அடங்கும்.

இடம் பற்றவில்லை என்று இரண்டு கம்பிக் கையையும் அழுத்தி ஒடுக்காதீர்கள். கோணம் மாறினால் தகடு சுற்றுவதும், லூர் நிமிர்ந்து ஓடுவதும் கெடும். பஸ்பெய்ட்டில் இன்னும் மோசம்.

முள்ளில் சொருகிய ரப்பர் வாலை அன்றன்றே கழற்றுங்கள். அதில் பெரும்பாலும் உப்பு கலந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் முள்ளின் கழுத்து துருப்பிடிக்கும், சாயமும் குஞ்சத்தில் இறங்கும். ஜிக்குக்கும் இதே விதி. ஃபிராக்கை வைக்கும் முன் வயிற்றை அமுக்கி உள்ளே போன தண்ணீரை வெளியேற்றுங்கள், பிறகு மேலே எதுவும் அழுத்தாத அறையில் வையுங்கள். நசுங்கிய உருவம் நின்றுவிட்டால் அது நேராக மிதக்காது.

8. அம்ப்ரெல்லா ரிக்கும் லீடர்களும்

ஐந்து கம்பிக் கை, ஐந்து முள். முதலில் ரப்பர் மீன்களையும் ஜிக் தலைகளையும் கழற்றித் தனிப் பையில் போடுங்கள். அப்படியே விட்டால் வால்கள் மடிந்து ஆட்டம் போய்விடும். பிறகு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு வெல்க்ரோ பட்டையால் கட்டி, நீளமான ஜிப்லாக் பையிலோ பி.வி.சி. குழாய்த் துண்டிலோ வையுங்கள். கம்பியை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கூர்மையாக மடிக்காதீர்கள், அந்த இடத்தில்தான் ஒடியும்.

கட்டி வைத்த லீடர்களுக்கு நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்து மிதக்கும் பஞ்சுக் குழாய் இருக்கிறதே, அதில் ஒரு சாண் வெட்டிக்கொள்ளுங்கள். முள்ளைப் பஞ்சில் குத்தி, நரம்பைச் சுற்றி, மறுமுனையைக் குண்டூசியால் நிறுத்துங்கள். கடைசியில் சுற்றியதுதான் முதலில் வரும், ஒன்றை அவிழ்க்க இன்னொன்றைத் தொட வேண்டாம்.

9. ரப்பர் புழுக்கள்

இவை சிக்காது, உருகும். அது இன்னும் பெரிய தொல்லை. வாங்கிய பையிலேயே வைத்து, பைகளை நிமிர்த்தி அடுக்குங்கள். நிறம் கலந்தால் சாயம் பாயும். இவற்றை இளக வைக்கும் எண்ணெய் சாதாரணக் கடின பிளாஸ்டிக் பெட்டியையும் கட்டி லூரின் பூச்சையும் அரிக்கும். அதனால் முதல் குவியலின் பெட்டிக்குள் ஒரு புழுகூட வேண்டாம்.

ஸீ-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் வகை வேறு பொருளால் ஆனது. மற்றப் புழுக்களோடு ஒரே பையில் போட்டால் இரண்டும் கரைந்து ஒரு கூழாகும். ஒருமுறை அப்படி ஆன பையைத் திறந்து பார்த்தவர் மறுமுறை கலக்கமாட்டார்.

வளைந்துபோன புழுவைச் சுடுதண்ணீரில் சில வினாடி முக்கி, தட்டில் நேராகக் கிடத்தி ஆறவிட்டால் நிமிரும்.

10. பெயர் எழுதுதல்

டேப்பை மூடியின் மேல் ஒட்டாதீர்கள், ஓரத்தில் ஒட்டுங்கள். பையில் பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது ஓரம்தான்.

லூரின் பெயரை எழுதுவதைவிட ஆழத்தை எழுதுவது உதவும்: "0–4 அடி", "6–10 அடி", "15 அடியைவிட ஆழம்". ஏரியில் நிற்கும்போது மனதில் ஓடுவது "மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது" என்பதுதான். நிறவாரியாக அடுக்க ஆசைப்பட்டவர்கள் இங்கே அடுக்கலாம்: ஒரே ஆழத்துப் பெட்டிக்குள் வெளிர் நிறம் ஒரு பக்கம், நண்டுச் சிவப்பு மறுபக்கம்.

11. ஏரிக்குப் போகும் நாள்

எல்லாப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அன்றைய பருவத்துக்கும் தண்ணீருக்கும் வேண்டியதாக ஒரு பெட்டியை முந்தைய இரவே நிரப்புங்கள்.

ஏரியில் ஒரே ஒரு விதி: நனைந்த லூர் பெட்டிக்குத் திரும்பாது. மீன் கடிக்கும் அவசரத்தில் ஒன்றைக் கழற்றிப் பெட்டிக்குள் எறிந்து அடுத்ததை எடுப்பார்கள். சிக்கலும் துருவும் ஒரே நொடியில் தொடங்குகின்றன. ஒரு பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் நனைந்தவற்றை வரிசையாக மாட்டுங்கள். காற்றிலேயே பாதி காய்ந்துவிடும், எதைப் போட்டுப் பார்த்தோம் என்ற கணக்கும் கண்முன்னே தொங்கும். காரில் ஏற்றும்போது அந்த வாளி பின் சீட்டில் வேண்டாம், டிக்கியில்.

பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஆகஸ்ட் மாதத்தில் மூடிய காருக்குள் 50 டிகிரி செல்சியஸைச் சுலபமாகத் தாண்டும். உள்ளே கூடான கட்டி லூரில் காற்று விரிந்து பூச்சு கொப்புளிக்கும், சில நேரம் ஒட்டு பிளக்கும்.

12. வீட்டுக்கு வந்ததும்

அலுப்பாகத்தான் இருக்கும், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாளியில் தொங்குபவற்றைக் குழாய்த் தண்ணீரில் அலசி, மறுபடி விளிம்பிலேயே மாட்டி, வீட்டுக்குள் காற்றாட வையுங்கள். கராஜில் வைத்தால் ஈரக்காற்றில் காயாது. அன்று திறந்த பெட்டியையும் மூடாமல் விடுங்கள். மழைத் துளியும் கை ஈரமும் அதற்குள்ளும் போயிருக்கும்.

மறுநாள் மாலை, ஸ்பிளிட் ரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்த இடுக்குதான். அங்கே ஈரம் இல்லையென்றால் ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் வைத்து, ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தையும் போட்டு மூடியைப் பூட்டுங்கள்.